இல்லாத சாமிக்கு ஏற்றிய கற்பூரம்

1

நெடுஞ்சாலைத் துறையில் நான் ரோடு இன்ஸ்பெக்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் ஒரு பகுதியும், அதன் ஓரத்துப் புளியமரங்களும் என் பொறுப்பு. மரத்துக்கு மரம் எண் உண்டு. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் மறியலுக்காக வெட்டப்பட்டு ஏழு மரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. எண்களைக் குறித்து ரிப்போர்ட் எழுதினேன். வெட்டியது யாரென்று எனக்குத் தெரியாது.

மறுநாள் மாலை பக்கத்து ஊருக்குப் போலீஸ் வந்து, நான்கு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேனில் ஏற்றியது. காட்டிக்கொடுத்தது யார் என்று ஊர் தேடியது. என்னிடம் சாலைக் கூலி வேலை பார்த்த கேங் மஸ்தூர் சின்னையன் மேல் பழி விழுந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, அந்த ஊரில் மனைவியோடு வாடகைக்கு இருந்தவன். அன்று பகலில் ஸ்டேஷன் வாசலில் அவனைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார்.

பார்த்திருக்க முடியாது. மறியலால் மற்ற ஆட்கள் வராத அன்று, அவனும் நானும் மட்டும் மலைச் சாலையில் சரிந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தோம்.

2

மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. சின்னையன் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். ஊர்ப் பெரியவர் ஒப்பாமல், தட்டில் புதுக் கற்பூரம் ஏற்றினார்.

"பழி சுமந்தவன் அணைச்சா செல்லாது. சாட்சி அணைக்கணும். சார், அவன் உங்ககூடதான் இருந்தான்னு அணைச்சிடுங்க. வுட்டுர்றோம்."

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லிங்க. ஆபீஸ் முத்திரை போட்டு எழுதியே தரேன்."

"யாரோ எழுதிக் குடுத்துதான எங்க பசங்கள இட்டுக்கினு பூட்டாங்க?"

நெருப்புக்கு உண்மை பொய் தெரியாது, மனசாட்சிதான் சாட்சி என்று பேசினேன். நல்ல பேச்சு. பல வருஷம் படித்துச் சேர்த்து வைத்திருந்தது. பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"சாமியே இல்லன்றீங்க. அப்பறம் அணைக்க இன்னா பயம்?"

என்னைப் பகுத்தறிவுக்காரர் என்று தாலுகா முழுக்கத் தெரியும். அந்தப் பெயருக்குப் பங்கம் வரக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொள்கை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். இன்று வீம்பு என்கிறேன்.

கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள்: "பொய் சாட்சி. அதான் கைய வைக்க மாட்டன்றாரு."

சின்னையன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது.

3

அந்த வாரமே சின்னையனை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வருகை குறிக்கும் மஸ்டர் ரோலில் அவன் பெயருக்கு நேரே 'ஆப்சென்ட்' என்று நானே எழுதினேன். பத்து நாள் பொறுத்து, வெள்ளிமலை பஸ் ஏறி, இறங்கி நடந்து அவன் ஊருக்குப் போனேன். சாமைச் சோறு போட்டான். வேலைக்குத் திரும்பி வரச் சொன்னேன்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் சார். உங்களுக்கு சாமி இல்ல, சரி. பக்கத்துல நான் இருந்தேன்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. அவன் வரவும் இல்லை.

அதன்பின் அந்தச் சாலையில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மீதி சர்வீஸில் மரங்களுக்கு எண் எழுதிக்கொண்டு தனியாகவே சைக்கிள் மிதித்தேன். ரிட்டயர் ஆன பிறகு புத்தகங்களோடு தனியாக இருக்கிறேன். பேச ஆள் இல்லாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் யாராவது கேட்டால் ஒன்று சொல்வேன். எனக்கு இன்றும் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று அங்கே யாரும் என்னை நம்பச் சொல்லவில்லை. உள்ளங்கையில் ஒரு நொடிச் சூடு, அவ்வளவுதான் கேட்டார்கள்.