கங்கையைத் தாண்டாத குழாய்

தண்ணீர் பாய்ந்து வரும் வேகத்தில் குடம் நசுங்கிவிடும் என்று பயந்து, நானே புதிதாக இழுத்த சமையற்கட்டுக் குழாயின் கீழே அண்டாவை வைத்து, மனைவியையும் தள்ளி நிற்கச் சொன்ன முட்டாள் நான். குழாயைத் திறந்தேன். நூலாய் ஒழுகியது, பல் விளக்கக்கூடக் காணாது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. நிறைமாதத்தை நெருங்கியவள், முந்தின வாரம் கிணற்றடியில் குடத்தோடு வழுக்கி விழுந்திருந்தாள். அவளுடைய அண்ணன் வந்து, "ஞாயித்துக்கெழம வருவேனுங்க மாப்பிள. ஊட்டுக்குள்ள தண்ணி வரோணும். இல்லீன்னா அம்மிணியக் கூட்டீட்டுப் போயிருவேன்" என்று சொல்லிப் போயிருந்தார். அவள் போய்விட்டால் என் வேடிக்கைப் பேச்சுக்குத் தலையாட்ட எருமை ஒன்றுதான் மிச்சம். விடுவதாக இல்லை.

கிணற்று நீரை ஏற்றி வைக்கும் தொட்டி தலைக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் கீழே வந்துதானே ஆக வேண்டும்? இதுதான் என் கணக்கு. ஆனால் வழியில் மூன்று வாசல்கள். குழாயைத் தரையில் புதைக்கப் போனபோது அம்மா மறித்துவிட்டாள். "கங்கையக் கால்ல மிதிச்சுத் தாண்டறதா? ஆகாது சாமி." ஆகவே அந்த ஒல்லிக் குழாய் ஒவ்வொரு வாசல் நிலையின் மேலும் ஏறி இறங்கியது. வாசலுக்கு நாலு வளைவு.

மறுநாள் ஒவ்வொரு வாசலுக்கும் அப்பால் குழாயைக் கழற்றி, ஒரே குடத்தை ஒரே உயரத்தில் பிடித்துப் பார்த்தேன். தொட்டியடியில் சட்டென்று நிறைந்த குடம், முதல் வாசலைத் தாண்டியதும் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் கேட்டது. மூன்றாவதில் வெற்றிலை தீர்ந்து கொட்டாவி விட்ட பிறகும் கழுத்து நனையவில்லை. அதே குழாயை முற்றத்தில் நேராகப் போட்டதும் வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. ஆக, தின்றது தூரமல்ல. வளைவுகளும், மேடுகளில் தங்கிய காற்றும். ஒரு வாசல், இரண்டு மாட்டுவண்டி நீள நேர்க்குழாய்க்குச் சமம் என்று மதிப்புப் போட்டேன்.

பிறகு சனிக்கிழமை பொழுது சாயும்வரை வாசலே இல்லாத புறச்சுவரில், இறவாரத்தின் கீழே, கொஞ்சம் சரிவாக, பருத்த குழாய் ஒன்றை நேராக ஓட்டினேன். சமையற்கட்டில் இறங்க ஒரே ஒரு வளைவு. யாரும் கங்கையைத் தாண்ட வேண்டியதில்லை; அம்மாவுக்கும் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து, தாமே குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது.

"செரி, அம்மிணி இங்கயே இருக்கட்டும்" என்றார்.

"அதில்லீங்க மச்சான், ஒவ்வொரு வளைவும் எவ்வளவு திங்குதுன்னா..." என்று ஆரம்பித்தேன். அவர் விறுவிறுவென்று வெளியே நடந்துவிட்டார். மனைவி பக்கம் திரும்பி, "உனக்காச்சும் சொல்லட்டுமா?" என்றேன்.

"கொடம் வழியுதுங்க, மொதல்ல மூடுங்க."