பெயருக்குப் பக்கத்தில் ஓர் அம்பு

அந்தக் கண் மருத்துவமனையின் பதிவறைக்காரிக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். ஒரே நோயாளி எழுத்துப்பிழையால் இரண்டு பேராக உட்கார்ந்திருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் கம்ப்யூட்டரின் உள்வேலை அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. அது அண்ணியின் பாடு.

அண்ணி என்றால் சொந்த அண்ணன் மனைவிதான். பக்கத்து நாற்காலியில் பதினோரு வருடம். வீட்டில் முறைத்துக்கொண்டு கிளம்பினாலும் மத்தியானம் டிபன் டப்பாவை மாற்றிக்கொள்வார்கள். டேட்டாபேஸை உருவாக்கி, அதற்குப் புரோகிராம் எழுதியவள் அண்ணி. வரியின் தலையில் ஒற்றை மேற்கோள்குறி போட்டால் கம்ப்யூட்டர் அதைப் படிக்காது. அது மனிதர்களுக்கான குறிப்பு. அண்ணி அங்கேதான் நாத்தனாரைத் திட்டிவைத்திருந்தாள், ஆங்கில எழுத்தில் தமிழாக: "பிளஸ் மைனஸ் போடாத கண்ணாடிப் பவரை வாங்காதே. என் நாத்தனார் ஒரு அவசரக்குடுக்கை."

போன மழைக்காலத்தில் மூன்றே நாள் காய்ச்சலில் அண்ணி போய்விட்டாள்.

பழைய டேட்டாபேஸிலிருந்து நோயாளிப் பதிவுகள் அடங்கிய டேபிள்களைப் புதியதற்கு மாற்றும் வேலை வந்தபோதுதான் சல்லடை அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். மாலையில் அண்ணனிடம் சொன்னாள். நாலு மாதமாக யாரோடும் முகம்கொடுத்துப் பேசாதவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பக்கம் பக்கமா எழுதியிருக்காங்கண்ணே. உன்னையும் விட்டுவைக்கல."

"என்னைப் பத்தியுமா? என்ன எழுதியிருக்கா?"

"பிரிண்ட் எடுத்து சனிக்கிழமை கொண்டு வரேன். நீயே படி."

அன்றைக்கே எடுத்திருக்கலாம். வேலை முடியட்டும் என்று விட்டாள். வெற்று வரிகளையும் இரட்டைப் பதிவுகளையும் ஒரு வாரம் களைந்தாள். டேபிள்களைக் கொண்டுவரும் இடத்தில் கம்ப்யூட்டர் கேட்டது: நகலெடுக்கவா, இணைக்கவா? இணைப்பதுதான் உறுதி என்று அவளுக்குப் பட்டது. எல்லா டேபிளும் வந்து நின்றன, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் அம்பு. புரோகிராம் இருந்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டாள். அதன் மூலையிலும் ஓர் அம்பு. வந்து சேர்ந்ததற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டாள். திறந்தும் பார்த்தாள், திறந்தது.

"எல்லாம் வந்துருச்சாக்கா?" என்றான் டெக்னீஷியன்.

"வந்துருச்சுப்பா. பழசை அழிச்சிடு."

மறுநாள் காலையில் ஒரு டேபிளும் திறக்கவில்லை. டெக்னீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்பு இருந்தா சரக்கு இங்க இல்லைக்கா. அது எங்க இருக்குன்னு காட்டுது, அவ்வளவுதான்."

அழிப்பதற்கு முன்பு எடுத்திருந்த பேக்கப்பிலிருந்து மத்தியானத்துக்குள் டேபிள்களை மீட்டுவிட்டான். அவள் களைந்த பிழை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆனால் பேக்கப்பில் டேபிள்கள் மட்டும்தான் இருந்தன. பென்டிரைவில் இருந்ததும் வெறும் அம்புதான்; அண்ணியின் புரோகிராம் பழசோடு அழிந்துபோயிருந்தது.

"ஒரு பேஷன்ட்கூட விட்டுப்போகலையே, அப்புறம் ஏம்மா அழறீங்க?" என்றார் மேனேஜர். புரோகிராமை வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளலாமாம்.

சனிக்கிழமை அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். வெறுங்கையோடு வந்தவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஞாபகத்துல இருக்கிறதைச் சொல்லு."

அவசரக்குடுக்கை வரியைச் சொன்னாள். அண்ணன் சிரித்தேவிட்டார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா. என்னைப் பத்தி?"

அவள் யோசித்தாள். மறுபடியும் யோசித்தாள்.

"படிச்சிட்டுச் சிரிச்சது ஞாபகம் இருக்குண்ணே. என்னன்னுதான் வரமாட்டேங்குது."

"பரவால்ல. மெதுவா யோசி," என்றார் அண்ணன். கண்ணாடியைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.