சிவப்பே எரியாத தோப்பு

ஹஃப்ஸாவிடம் எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் தாவூதின் மகள் அவள். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்காத சனத்துக்கு நடுவே வளர்ந்தவள் வேறெப்படி இருப்பாள்? என்ஜினியரிங் காலேஜில் அந்தக் குணத்துக்கு மரியாதை வேறு கிடைத்தது. "இந்த வகுப்புல எதையும் கேள்வி கேக்கறவ இவ ஒருத்திதான்" என்று சிசிலி மிஸ் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஹஃப்ஸா அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி வருடப் புராஜெக்டை அவளும் ஜிபியும் சேர்ந்து செய்தார்கள். ஜிபி இடுக்கி ஏலத்தோட்டத்துப் பையன், ஹாஸ்டல்வாசி, அதிகம் வாய் திறக்காதவன். பெருமாட்டியில் பொங்கியண்ணனின் தென்னந்தோப்பில் ஒரு மரத்தடியில் சென்சாரைப் புதைத்தார்கள். மண் ஈரமாக இருந்தால் பச்சை விளக்கு, காய்ந்தால் சிவப்பு. அது காட்டுவதெல்லாம் ஜிபியின் லேப்டாப்பில் வந்து சேரும்.

பங்குனி பிறந்தது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தோப்பே வெடித்துக் கிடந்தது. ஜிபியின் லேப்டாப்பில் மட்டும் நாள் தவறாமல் பச்சை. ஹஃப்ஸாவுக்குச் சுருக்கென்றது. பயல் ரூமில் உட்கார்ந்துகொண்டு இட்டுக்கட்டுகிறான்!

"நெசமாச் சொல்லு, நீயா போடறதுதான இது?"

"சென்சார் காட்டுறதத்தான் வச்சிருக்கேன். நான் என்னத்துக்குப் பொய் சொல்லப்போறேன்?"

சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தவனெல்லாம் கள்ளனா என்ன? அவளுக்கு அப்படித்தான் பட்டது. நேரே மிஸ்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை விசாரணை என்றார்கள். போலி என்று முடிவானால் ஜிபிக்கு ஒரு வருடம் போச்சு. ஏலக்காட்டில் கூலிக்குப் போய்ப் படிக்கவைக்கும் தாயிடம் அவன் என்ன சொல்வான்?

ஆதாரத்தோடு அவனைப் பிடிக்கவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹஃப்ஸா பெருமாட்டிக்குப் பஸ் ஏறினாள். தோப்புக்குள் நுழைந்தபோது பொங்கியண்ணன் தோளில் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். மற்ற மரங்களையெல்லாம் தாண்டிப் போய், சென்சார் புதைத்த இடத்தில் மட்டும் குடத்தைச் சாய்த்தார்.

"ஏனுங்கண்ணா, இங்க மட்டும் ஊத்தறீங்க?"

"நீதான அம்மணி சொன்ன? பொதச்ச அன்னைக்குச் செகப்பு எரிஞ்சப்ப, இப்படியே எரிஞ்சா நாங்க பெயிலுங்கண்ணான்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நின்னியே. குடிக்கறதுக்கு லாரியில வர்ற தண்ணிதான் இது. மரம் காஞ்சாக் காயுது, புள்ளைக பெயிலாகலாமா?"

ஒயர் மாறியதால் எரிந்த சிவப்பு அது. எரிச்சலில் அவள் சொன்ன அந்தப் பேச்சு அவளுக்கே மறந்துபோயிருந்தது.

ஜிபிக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"தோப்பப் போய்ப் பாப்பமான்னு என்ட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல," என்றான். "நேரா மிஸ்கிட்டப் போயிட்ட."

போனை வைத்துவிட்டான். மிஸ்ஸின் நம்பரை அழுத்திவிட்டு நின்றாள். மணி போய்க்கொண்டிருக்கும்போதே பொங்கியண்ணன் வெறுங்குடத்தோடு பக்கத்தில் வந்தார்.

"நாளைக்கும் ஊத்தட்டுமா அம்மணி?"

"வேண்டாங்கண்ணா," என்றாள். "செகப்பே எரியட்டும்."