கரண்ட் போனால் வரும் போன்

தெருவில் கரண்ட் போனால் எல்லோரும் மெழுகுவத்தியைத் தேடுவார்கள். தையல்காரி போனைத் தேடுவாள். மிஷின் ஊசியைத் துணியில் குத்தியபடியே விட்டுவிட்டு, வெட்டுத்துணிக் குவியலுக்குள் கையை நுழைத்துப் போனை எடுத்து, கருத்தரிப்பு மருத்துவமனை நர்ஸைக் கூப்பிடுவாள்.

அங்கே அவளுடைய இரண்டு கருக்கள் உறைநிலையில் இருந்தன. அவற்றை வைத்துவிட்டுத் திரும்பிய அன்று பஸ்ஸில் கணவன் சொன்னான்: "பாத்தியா, நமக்கு ஓட்ட ஃபேன். நம்ம பிள்ளைங்களுக்கு இப்பவே ஏசி."

அடுத்த மாதமே அவன் விபத்தில் போய்விட்டான். தனி ஆளாகப் பெற்று வளர்க்க அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் அவன் என்று மிச்சமிருந்தது அது மட்டும்தான்.

"இங்க கரண்ட் போயிடுச்சும்மா. அங்க?"

"எத்தன தடவ சொல்றதுக்கா? அது ஃப்ரிட்ஜ் இல்ல. நைட்ரஜன் ஊத்தி வச்ச டேங்க். அதுக்குக் கரண்டே வேணாம்."

"தெரியும்மா. இருந்தாலும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்."

"பாத்தா எந்திரிச்சு வணக்கம் வைக்கவா போகுது? சரி, லைன்லயே இருங்க."

அந்த நேரத்தில் தையல்காரிக்கு, டேங்கில் விரிசல் விட்டிருக்குமோ, யாராவது மூடியைச் சரியாக மூடாமல் போயிருப்பார்களோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். ஒருவழியாகக் குரல் வரும்.

"ரெண்டும் பத்திரமா இருக்கு. போய் வேலையப் பாருங்க."

நர்ஸ் அந்த வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது பின்னால்தான் தெரியவந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் தன் புருஷனுடைய போனில் அந்த மருத்துவமனையில் இன்னும் வேலை பார்க்கும் பழைய சிநேகிதியைக் கூப்பிட்டு, டேங்கைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறாள்.