தட்டில் கிடந்த முடி

தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல ஆளில்லை. குறையெல்லாம் தலையில்தான். ஒரே வாரத்தில் இரண்டு தட்டுகளில் நீள முடி கிடந்தது. தொப்பி போட்டாள், அதன் மேல் துணியும் கட்டினாள். அவிழ்த்தால் துணி நிறைய முடி.

"இன்னொரு தட்டுல முடி வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா," என்றார் மேலாளர். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் தலைக்கு மேலும் ஆட்கள் இருக்கிறார்களே.

இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது. லாரி ஓட்டிவந்த கணவன் ஒரு ராத்திரி வீட்டில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்து மூன்று மாதம். ஆக வேண்டியதையெல்லாம் ஓடியாடிப் பார்த்தவளுக்கு உட்கார்ந்து அழ நேரம் வாய்க்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் அதைக் கல்நெஞ்சு என்று எடுத்துக்கொண்டு, தேவைக்கு மேல் பேசுவதையே விட்டுவிட்டாள்.

கொட்டிய முடியில் ஒரு கொத்தைத் தாளில் மடித்துக் கொண்டுபோய்த் தோல் டாக்டரிடம் காட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாய் ஒரு சின்னக் குமிழ். "வேரோட வந்துடுச்சு டாக்டர். இனி முளைக்காதுல்ல?"

"இது வேர் இல்லம்மா. வேர் உள்ளதான் இருக்கு. வளர்றதை நிறுத்தின முடியோட காஞ்ச அடி இது. பெரிய அதிர்ச்சி, கடுமையான காய்ச்சல்னு வந்தா நிறைய முடி ஒரேயடியா வளர்றதை நிறுத்திடும். ஆனா உடனே விழாது. ரெண்டு மூணு மாசம் அப்படியே நின்னுட்டு, அப்புறம்தான் கொட்டும். ரெண்டு மூணு மாசம் முன்னாடி வீட்டுல ஏதாவது நடந்துச்சா?"

"நடந்துச்சு," என்றாள். "திங்கக்கிழமை வேலைக்குப் போகணும், அதுக்குள்ள நிக்கிற மாதிரி மருந்து குடுங்க."

"அப்படி மருந்து இல்லம்மா. பிடி விட்டது விழுந்துதான் ஆகணும். சில மாசத்துல புதுசா வளந்துடும்."

சில மாசமாம்! பெரியக்கா நேரே முடிவெட்டும் கடைக்குப் போனாள். ஆண்கள் மட்டுமே வரும் கடை. கடைக்காரர் கத்தியும் கையுமாகத் தயங்கி நின்றார். "முழுசா எடுத்துடுங்கண்ணே, எனக்குச் சோறு முக்கியம்," என்று நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்து உட்கார்ந்தே எத்தனையோ நாளாகியிருந்தது. மழித்து முடிப்பதற்குள் தூங்கியே போனாள்.

கதவைத் திறந்த மகள் அம்மாவின் தலையையே பார்த்தாள். "அப்பாவுக்காகவாம்மா?"

"வேலைக்குடி," என்றாள் பெரியக்கா. பொய் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. சொல்லி முடித்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாள்.

மகள் பதறிப்போய் அந்த மொட்டைத் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். "அழாதம்மா. முடிதானே, திரும்ப வந்துடும்."

"முடி வந்துடும்டி," என்றாள் அம்மா.