அத்தையின் கண்ணோரத்து ஈ

ஈக்களைப் படம்பிடிப்பது என் மாமாவுக்கு உத்தியோகம். வயலிலும் பாகல் பந்தலிலும் பறக்கிற சின்னஞ்சிறு ஈக்களைக் கண்ணாடித் தகட்டில் பெரிதாகப் பிடித்து, இன்ன ஈ என்று எழுதித் திருவனந்தபுரத்து விவசாய இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அம்மாவின் தம்பியான அவருக்கு இளவயதிலேயே பார்வை மங்கல். எட்டு வயதுக்காரியான நான்தான் பூதக்கண்ணாடியால் இறகின் நரம்பையும் காலின் மயிரையும் பார்த்துச் சொல்வேன். நெல்லைக் கெடுக்கும் ஆனைக்கொம்பன் ஈயைப் பள்ளிப்பாடத்தைவிட நன்றாக அறிந்திருந்தேன்.

அந்த வருஷம் அப்பா நெஞ்சுநோவில் படுத்துவிட்டார். அதிர்ச்சி எதுவும் கூடாதென்று வைத்தியர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கோ, மலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கையை ஒருமுறை பார்த்துவிட ஆசை. அழைத்துவரப் போன மாமா ஐந்தாம் நாள் தனியாகத் திரும்பினார்.

“ஒங்க தங்கச்சிக்குக் காய்ச்சல், அத்தான். மலையிறங்க முடியாது. படம் பிடிச்சிட்டு வந்திருக்கேன்.”

மறுநாள் காலையில் படத்தைக் கழுவிக் கொண்டுவந்து, கட்டிலில் கிடந்த அப்பாவிடம் கொடுத்தார். அத்தை பட்டுடுத்தி, தலை நிறையப் பிச்சிப்பூவோடு நாற்காலியில் இருந்தாள். பின்னாலிருந்த வாழையிலை காற்றில் ஆடிக் கலங்கியிருந்தது. அத்தை மட்டும் கல்லில் கொத்தியதுபோல் அவ்வளவு தெளிவு. நான் கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தேன். எங்கு நின்றாலும் அவள் பார்வை என்மேல் விழவில்லை. அம்மா ஏனோ அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.

“மாமா, அத்தைக்க கண்ணோரத்துல ஈ இருக்கு. ஆத்தங்கரையில செத்த மாட்டுல பிடிச்சோம்லா, அந்த ஈ.”

“சும்மா கெட, ஏட்டி! அது தகட்டுல விழுந்த கீறல்.”

மாமா என்னை அதட்டியது அதுதான் முதல்முறை.

“கீறலுக்குக் காலு உண்டுமா? ஆறும் தெரியுது.”

அப்பா கையை நீட்டினார். “அதை இங்க தா, மக்கா.”

பூதக்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். பிறகு, “கீறல்தான். பிள்ளைக்கு என்ன தெரியும்? படம் நல்லா விழுந்திருக்கு, மாப்பிள” என்றார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கண்ணைப் பொய்யாக்க இருவரும் கூட்டுச்சேர்ந்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா மலைத் தோட்டத்துக்குப் போன அன்று காலையில்தான் அத்தை இறந்திருந்தாள். வேறு வழி தோன்றாமல், அவளை நாற்காலியில் சாய்த்து, இமைகளைத் திறந்துவைத்துப் படம் பிடித்திருக்கிறார். அப்பா காலமாகிப் பல வருஷம் கழித்து அம்மா இதைச் சொன்னாள். “கடைசிவரை ஒங்கப்பாவுக்குத் தெரியாது, பாத்துக்க” என்று ஆறுதலாகச் சொன்னாள்.

நான் மறுத்துப் பேசவில்லை. அந்நாளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா சொல்லச் சொல்ல அத்தைக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. படம் வந்த வாரமும் தாளும் பேனாவுமாகக் கட்டிலருகே போய் நின்றேன். அப்பா என் தலையைத் தடவி, “இனி வேண்டாம், மக்கா” என்றார். ஒரு வேலை குறைந்த சந்தோஷத்தில் நான் விளையாட ஓடிவிட்டேன்.