டைப்பிஸ்ட் அம்மா எழுதிய ரிப்போர்ட்

பாக்கியலட்சுமி அம்மா காலமானதை அவர் மகள்தான் போனில் சொன்னாள். "டைப்பிஸ்ட் அம்மாவா?" என்று கேட்டேன். எனக்கு வேறு எந்தப் பாக்கியலட்சுமியைத் தெரியும்? பதற்றத்தில் இப்படித்தான் உளறுகிறோம்.

நாகலூர் காப்பி எஸ்டேட் ஆபீசில் அவர் டைப்பிஸ்ட், நான் கணக்கு எழுதும் ரைட்டர். தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. ஒரே பெட்டியில் அதை இயக்கும் டாஸ், விண்டோஸ் என்ற இரண்டு முறைகளையும் போட்டிருந்தார்கள். எது நமக்குச் சரிப்படும் என்று பத்து நாள் பார்த்து எழுதித் தரும்படி மேனேஜர் அம்மாவிடம் சொன்னார். அதன்பின் எங்கள் இருவரில் கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள் போதும், இன்னொருவர் காப்பிக்கொட்டை எடை போடும் கொட்டகைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி.

கைப்பழக்கத்துக்கென்று பெட்டியில் ஒரு கார் பந்தய விளையாட்டு இருந்தது. அதையே அம்மா அளவுகோலாக வைத்துக்கொண்டார். டாஸில் கார் பறந்தது. விண்டோஸிலோ கொண்டை ஊசி வளைவில் லோடு லாரி திணறுவதுபோல் விட்டுவிட்டு நகர்ந்தது. "பாருங்க ரைட்டரே, வேகம்னா இதுதானுங்க!" என்று சின்னப் பிள்ளைபோல் சிரித்தார்.

பிறகு எங்கள் எல்லோரையும் உட்காரவைத்தார். டாஸில் காரை வரவழைக்க ஒரு வரியைப் பிழையில்லாமல் அடிக்க வேண்டும். எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. ஆளாளுக்கு "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டோம். விண்டோஸில் படத்தின்மேல் இரண்டு தட்டு, வாட்ச்மேன்கூடக் காரைக் கொண்டுவந்துவிட்டார். அம்மாவுக்குத்தான் மவுஸ் படியவில்லை. "இதப் புடிக்கறதுக்குள்ள நொம்பப் பாடாப் போகுதுங்க" என்றார்.

அவர் ரிப்போர்ட் ஒரே பக்கம். "வேகத்தில் டாஸ்தான். ஆனால் நான் லீவு போட்டால் யாராலும் அதை இயக்க முடியாது. விண்டோஸ் எல்லோருக்கும் வருகிறது. அதையே வைத்துக்கொள்ளலாம்."

படித்துவிட்டுப் பதறினேன். "டாஸுனு எழுதியிருந்தா இந்த வேலை உங்களுக்குத்தானுங்களே?"

"ஆபீசுக்கு எது நல்லதுன்னுதானுங்க கேட்டாங்க. எனக்கு எது நல்லதுன்னு கேக்கலீங்களே."

மேனேஜர் என்னைக் கம்ப்யூட்டரில் உட்காரச் சொன்னார், அம்மாவைக் கொட்டகைக்கு அனுப்பினார். அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். "அம்மாவுக்கு முழங்கால் வலிங்க, நான் போறனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. மதியத்தில் அவர் நொண்டிக்கொண்டே ஆபீசுக்கு வந்து, "என்னங்க ரைட்டரே, பழகிருச்சுங்களா?" என்று விசாரிப்பார். அதில் குத்தல் கிடையாது. குத்தலாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஓய்வு பெறும்வரை நான் உட்கார்ந்து பார்த்த வேலை அவருடையது. அவர் விட்டுக்கொடுத்தார் என்று சொல்லி அதை நான் அழகாக்க மாட்டேன். அவர் உண்மையை எழுதினார். நான் எடுத்துக்கொண்டேன்.